பெரிய நாளுக்கு கொல்கத்தா: இரண்டு பதின்ம வயதுப் பிள்ளைகளோடு ஆறு நாள்

டிசம்பர் 23, இரவு

நாளைக் காலை 7 மணிக்கு சென்னை சென்ட்ரலில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ். பைகளைக் கட்டி வாசலருகே வைத்தாயிற்று. மகள் பதினொன்றாம் வகுப்பு, மகன் எட்டாம் வகுப்பு. இருவருக்கும் இன்றுதான் அரையாண்டுத் தேர்வு முடிந்தது. அரையாண்டு விடுமுறையில் எங்கேயாவது ஒரு பெரிய ஊருக்குப் போக வேண்டும் என்று ஆகஸ்டிலிருந்தே பேச்சு. கொல்கத்தா என்று முடிவு செய்தது மகள். கிறிஸ்துமஸை இந்த அளவுக்கு ஊர் கூடிக் கொண்டாடும் நகரம் நம் நாட்டில் குறைவு என்று எங்கேயோ படித்திருக்கிறாள்.

கிளம்புவதற்கு முன் திட்டம் போட்ட கதையை எழுதிவிடுகிறேன். பயணத்தைவிட எனக்கு அதுதான் பெரிய வேலையாக இருந்தது.

போன முறை ஒரு பெரிய நகரத்துக்குப் போனபோது மணிக்கணக்காக அட்டவணை போட்டது நான். காலை 6 மணிக்கு எழுப்பி, 7 மணிக்கு முதல் இடம். மூன்றாம் நாள் மகள் காரை விட்டு இறங்க மறுத்துவிட்டாள். காதில் இயர்போன், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்று அவள் மீது வந்த கோபம் அடங்கவே பல நாள் ஆனது. அடங்கிய பிறகுதான் புரிந்தது, அந்த அட்டவணையில் அவள் கேட்ட இடம் ஒன்றுகூட இல்லை.

அதனால் இந்த முறை சாப்பாட்டு மேசையில் ஒரு நோட்டை வைத்தோம். ஆளுக்கு ஒன்று எழுத வேண்டும். ஒன்றே ஒன்று. அதற்கு அரை நாள் ஒதுக்கப்படும், மற்ற மூன்று பேரும் முணுமுணுக்காமல் கூட வர வேண்டும். ஆனால் அந்த இடத்துக்கு எப்படிப் போவது, எந்தக் கிழமை விடுமுறை, எவ்வளவு செலவாகும் என்பதையெல்லாம் எழுதியவரே கண்டுபிடிக்க வேண்டும். மகள் காலேஜ் ஸ்ட்ரீட் புத்தகக் கடைகளை எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்று அவளே கண்டுபிடித்து, 'சனிக்கிழமை எனக்கு' என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டாள். மகன், ஆற்றுக்கு அடியில் ஓடும் மெட்ரோ. என் கணவர் ஹவுரா பாலம் என்று எழுதினார். நான் ஷிப்பூர் தாவரவியல் பூங்காவில் இருக்கும் பெரிய ஆலமரம்.

இன்னொரு முடிவு காலை நேரத்தைப் பற்றியது. பதின்ம வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பது பெரியவர்களைவிடத் தாமதமாகிறது. இரவு 11 மணிக்கு முன்னால் தூக்கம் வராததும், காலையில் கண் திறக்க முடியாததும் சோம்பேறித்தனம் இல்லை, உடம்பின் கணக்கு. ஆகவே 9 மணி வரை பிள்ளைகளை எழுப்புவதில்லை. அந்த நேரம் எங்கள் இருவருக்கும். ஆனால் டிசம்பர் கடைசியில் கொல்கத்தாவில் மாலை 5 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். வெளிச்சத்தில் பார்க்க வேண்டியதை 10 மணிக்கும் 4 மணிக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டியதை அதற்குப் பிறகு வைத்தோம்.

டிக்கெட் எடுத்ததுதான் பதற்றம். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. டிசம்பர் 24-க்கு அக்டோபர் 25, காலை 8 மணி. இரண்டு போனில் உட்கார்ந்தோம். மூன்று இருக்கைகள் ஒரே பெட்டியில் கிடைத்தன, நான்காவது அடுத்த பெட்டியில். 12 வயது நிரம்பினால் ரயிலில் முழுக் கட்டணம். விடுதிகள் பலவற்றிலும் அதே கணக்குதான். 'இரண்டு பெரியவர், இரண்டு குழந்தை' என்று பதிவு செய்துவிட்டுப் பதின்மூன்று வயதுப் பையனோடு போய் நின்றால் வரவேற்பு மேசையில் பிரச்சினை வரும். முதலில் பார்த்த ஒரு விடுதியில் போனில் கேட்டபோது, நான்கு பேருக்கு ஒரே அறையில் இடமில்லை என்று கையை விரித்தார்கள். அப்புறம் எஸ்பிளனேடு பக்கம் அடுத்தடுத்து இரண்டு சின்ன அறைகள் கிடைத்தன. அறை சின்னது என்றாலும் பரவாயில்லை, கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் நடக்கும் பார்க் ஸ்ட்ரீட்டுக்கு நடந்தே போகலாம் என்பதற்காகத்தான் அதை எடுத்தோம். அதன் அருமை நாளை மறுநாள் தெரியும்.

டிசம்பர் 24: ரயிலில்

ஏறக்குறைய 1,660 கிலோமீட்டர், 27 மணி நேரத்துக்கு மேல். விமானத்தில் போனால் இரண்டரை மணி நேரம். ஆனால் தேர்வு முடிந்த மறுநாள் ரயில் பெட்டியில் ஏறிப் படுப்பதைப் போல ஒரு ஓய்வு பிள்ளைகளுக்கு வேறு எதிலும் கிடைக்காது. இரண்டு பேரும் மதியம் வரை தூங்கினார்கள். விஜயவாடாவில் கிருஷ்ணாவைப் பார்க்கவே இல்லை.

கோதாவரிக்கு நான் எழுப்பினேன். ராஜமகேந்திரவரத்தில் ஆற்றைக் கடக்க வண்டிக்குச் சில நிமிடங்கள் ஆகின்றன. பிற்பகல் வெயிலில் தண்ணீர் தகடு மாதிரி கிடந்தது. மகன் கதவருகே நின்று பார்க்க வேண்டும் என்றான். அவர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். மகள் போனில் படம் எடுக்கவில்லை. சும்மா பார்த்தாள்.

டிசம்பர் 25: பொரோதின்

விடியும் நேரத்தில் ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தைக் கடந்தோம். பஹனகா பஜார் என்ற சிறிய நிலையம் ஜன்னலில் வந்து போனது. 2023 ஜூன் 2 அன்று இதே பெயருள்ள வண்டி விபத்துக்குள்ளாகி 290-க்கும் அதிகமானோர் உயிரிழந்த இடம். மகளுக்குத் தெரிந்திருந்தது. 'இங்கேதானேம்மா?' என்று மட்டும் கேட்டாள். எதிர் இருக்கையில் இருந்த வயதான வங்காளிப் பெண்மணி கைகூப்பினார். நாங்களும்.

ஷாலிமார் நிலையம் ஹவுரா கரையில் இருக்கிறது. வெளியே வந்ததும் மஞ்சள் அம்பாசிடர் டாக்ஸி. அம்பாசிடர் உற்பத்தி 2014-இலேயே நின்றுவிட்டது, இருக்கும் வண்டிகளையும் வயது காரணமாக ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள். பெட்டிகளை மேலே கட்டி, நான்கு பேரும் உள்ளே நெருக்கிக்கொண்டு வித்யாசாகர் பாலத்தில் ஏறியபோது பிள்ளைகளின் முகத்தில் முதல் முறையாக ஊருக்கு வந்த களை தெரிந்தது. என் தாத்தா வீட்டில் ஓர் அம்பாசிடர் இருந்தது. அந்த சீட்டின் மணம் அப்படியே இருக்கிறது.

குளித்து, சாப்பிட்டு, 4 மணி வரை தூக்கம். கிறிஸ்துமஸ் அன்று மதியம் இதைத் தவிர வேறு எதையும் நாங்கள் திட்டமிடவில்லை, அதுவே சரி என்று இப்போது சொல்வேன். இரவு நீளமானது.

வங்காளிகள் கிறிஸ்துமஸை பொரோதின் என்கிறார்கள். பெரிய நாள் என்று பொருள். மாலையில் பார்க் ஸ்ட்ரீட்டில் வண்டிகளை நிறுத்திவிட்டு, சாலை முழுவதையும் நடப்பவர்களுக்கு விட்டுவிட்டார்கள். தலைக்கு மேலே சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை விளக்குத் தோரணம். ஆலன் பார்க்கில் மேடை போட்டுப் பாட்டு. பர்தா அணிந்த அம்மா தன் குழந்தைக்கு சிவப்புத் தொப்பி மாட்டுகிறார், நெற்றியில் குங்குமம் வைத்த பாட்டி கலைமான் கொம்பு மாட்டிக்கொண்டு பேரனோடு படம் எடுக்கிறார். 1927-இல் தொடங்கிய ஃப்ளூரிஸ் பேக்கரியின் வாசலில் வரிசை திருப்பம் தாண்டிப் போகிறது. நாங்கள் அதில் நிற்கவில்லை; முந்திரியும் பழமும் போட்ட கேக்கைத் தெருவோரத்தில் வாங்கி, நடந்துகொண்டே நான்காகப் பிய்த்துத் தின்றோம்.

அந்தக் கூட்டத்தில் பிள்ளைகள் இருவரும் தனியாக நடக்க வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு மணி நேரம். இதை நான் எதிர்பார்த்திருந்தேன், ஆனாலும் வயிறு கலங்கியது. அத்தனை ஆயிரம் போன்கள் ஒரே இடத்தில் சேரும்போது சிக்னல் இருந்தும் அழைப்பு போகாது என்பதால், போனை நம்பாமல் ஓர் இடமும் நேரமும் சொல்லிக்கொண்டோம். சௌரங்கி சாலையில் இந்திய அருங்காட்சியகத்தின் வாசல், 8 மணி. விடுதிப் பெயரும் முகவரியும் எழுதிய காகிதம் இருவர் சட்டைப்பையிலும். தம்பியின் கையை விடக்கூடாது என்று நான் சொன்னபோது மகன், 'நான்தாம்மா அக்கா கையைப் பிடிச்சுக்கணும்' என்றான்.

8 மணிக்கு அவர்கள் வரவில்லை. அழைப்பு போகவில்லை, செய்தி ஒற்றை டிக்கோடு நின்றது. அவர் தேடிப் போகிறேன் என்றார்; நான் தடுத்தேன். தேடிப் போனால் நான்கு பேரும் நான்கு இடத்தில் இருப்போம், வாசலிலேயே நிற்பதுதான் ஒப்பந்தம். அந்தக் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற நிமிடங்களை நான் மறக்க மாட்டேன். 8.20-க்குக் கூட்டத்துக்குள்ளிருந்து இரண்டு சிவப்புத் தொப்பிகள் வந்தன. போலீஸார் நடைபாதையை ஒரு வழியாக மாற்றிவிட்டதால் சுற்றி வந்திருக்கிறார்கள். மகளின் கண் கலங்கியிருந்தது. 'நீங்க அங்கேயே நிப்பீங்கன்னு தெரியும்மா, அதான் ஓடி வரலை' என்றாள். எனக்கும் அவருக்கும் தொப்பி வாங்கி வந்திருந்தார்கள். போட்டுக்கொண்டு நடந்தே விடுதிக்கு வந்தோம். டாக்ஸி ஒன்றுகூட நிற்காத இரவு அது.

டிசம்பர் 26: அப்பாவும் மகனும்

காலை 6 மணிக்கு நாங்கள் இருவரும் மட்டும் மல்லிக் காட். ஹவுரா பாலத்தின் காலடியில் பூச்சந்தை. சாமந்தியை, செண்டுமல்லியைக் கயிறு திரித்ததைப் போலக் கோத்து, கட்டுக் கட்டாகத் தோளில் சுமந்து போகிறார்கள். பனியும் ஆற்று வாசமும் பூவும் கலந்து வருகிறது. மேலே அந்தப் பாலம். 1943-இல் திறந்தது, ஏறக்குறைய 26,500 டன் எஃகு, அதில் பெரும் பகுதி டாடா ஆலையில் செய்தது. ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இல்லை. முழுக்க ரிவெட் அடித்து இணைத்தது, ஒரு நட்டு போல்ட் கிடையாது. இவ்வளவையும் அவர்தான் சொன்னார். சிவில் படித்தபோது பாடத்தில் வந்த பாலத்தை இருபத்தைந்து ஆண்டு கழித்து நேரில் பார்க்கிறார். வெற்றிலை எச்சில் பட்டு அடிப்பகுதி எஃகு அரித்ததால் அங்கே ஃபைபர் உறை போட்டிருக்கிறார்கள். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசாமல் நின்றார். அவருடைய அரை நாள் இப்படி ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது, அவருக்கு அதில் முழுத் திருப்தி.

பிள்ளைகள் எழுந்த பிறகு மகனின் முறை. அவனே வழி காட்டினான். படகில் ஹவுரா கரைக்குப் போய், அங்கிருந்து மெட்ரோவில் ஆற்றுக்கு அடியில் திரும்பி வருவது என்று திட்டம் போட்டிருந்தான். மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை. எனக்குத் தோன்றியிருக்காது. இந்தியாவின் முதல் மெட்ரோ 1984-இல் இந்த ஊரில்தான் ஓடியது; ஆற்றுக்கு அடியில் செல்லும் தடம் 2024 மார்ச்சில் வந்தது. ஹவுரா மெட்ரோ நிலையம் தரைக்குக் கீழே 30 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் இருக்கிறது, நகரும் படிகள் இறங்கிக்கொண்டே இருக்கின்றன. வண்டி கிளம்பியதும் அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான். சுரங்கச் சுவரில் நீல விளக்குகள் வந்தன. 'இப்போ! தலைக்கு மேலே ஆறு!' சுற்றிலும் இருந்தவர்கள் சிரித்தார்கள். 520 மீட்டர் சுரங்கம், முக்கால் நிமிடம்தான். இன்னொரு முறை போகலாமா என்றான். போனோம்.

மதியம் ஈடன் கார்டன்ஸ் வாசல். உள்ளே போகவில்லை, வெளியே நின்று பார்த்ததே போதும் என்று இருந்தது. மகனுக்கு இது ரோஹித் சர்மா 2014-இல் ஒரே ஆட்டத்தில் 264 எடுத்த மைதானம். அவருக்கு இது 2001-இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட் நடந்த மைதானம். ஃபாலோ ஆன் வாங்கிய பிறகு லக்ஷ்மண் 281, திராவிட் 180. நான்காம் நாள் முழுக்க ஒரு விக்கெட்கூட விழவில்லை. கல்லூரி விடுதியில் ஒரே ரேடியோவைச் சுற்றி அறுபது பேர் உட்கார்ந்து கேட்டதை அவர் நின்ற இடத்திலேயே அரை மணி நேரம் சொன்னார். மகன் இடையில் ஒரு முறைகூடப் போனை எடுக்கவில்லை. வீட்டில் எத்தனையோ முறை ஆரம்பித்துப் பாதியில் நின்ற கதை இது.

டிசம்பர் 27: காலேஜ் ஸ்ட்ரீட்

இன்று ஒரு சண்டை. மறைக்காமல் எழுதுகிறேன்.

மகள் காலை 8 மணிக்கே தானாக எழுந்து தயாராக இருந்தாள். காலேஜ் ஸ்ட்ரீட்டில் நடைபாதையோரம் தகரக் கொட்டகைகளில் கூரை வரை புத்தகம். பாடநூல், பழைய நாவல், வரைபடம், யாரோ யாருக்கோ கையெழுத்திட்டுக் கொடுத்த கவிதைப் புத்தகம். கடைக்காரரிடம் பெயரைச் சொன்னால் அடுக்கின் நடுவிலிருந்து, மற்றது சரியாமல், அதை மட்டும் உருவுகிறார். அவள் முதல் கடையிலேயே ஒரு மணி நேரம் நின்றாள். மகனுக்குப் பொறுக்கவில்லை. 'அக்கா, நாலு புக்கும் ஆன்லைன்லயே கிடைக்கும்' என்றான். அவள் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, 'நேத்து உனக்காக ரெண்டு தடவை மெட்ரோல வந்தேன்ல?' என்று கேட்டாள். குரல் உடைந்துவிட்டது.

நான் நடுவில் பேசவில்லை. நோட்டில் எழுதிய விதி இருக்கிறது, அதை அவன்தான் மீறினான், அவனுக்கே அது தெரியும். அவர் அவனை அழைத்துக்கொண்டு முட்டை ரோல் சாப்பிடப் போனார். அரை மணி நேரம் கழித்துத் திரும்பியபோது அவன் கையில் ஒரு கட்டுப் பழைய கிரிக்கெட் இதழ்கள். எங்கேயோ ஒரு கடையில் தோண்டி எடுத்திருக்கிறான். அக்காவிடம் போய், 'நீ பாரு, நான் இங்கேயே உக்காந்து படிக்கிறேன்' என்று நடைபாதைப் படியில் உட்கார்ந்துவிட்டான். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

கையில் செலவுக்கு ஆளுக்கு 1,500 ரூபாய் முதல் நாளே கொடுத்திருந்தோம், எதற்கு என்று கேட்பதில்லை என்று சொல்லி. அவள் பேரம் பேசி ஏழு புத்தகம் வாங்கினாள். பெண் பேரம் பேசுவதை இன்றுதான் பார்க்கிறேன்.

காபி ஹவுஸில் மேல் தளத்தில் இடம் கிடைத்தது. உயரமான கூரை, நீளக் கம்பியில் தொங்கும் மின்விசிறிகள், சுவரில் தாகூர், தலைப்பாகை கட்டிய பரிமாறுபவர்கள். 1958 முதல் இதை ஊழியர்களின் கூட்டுறவுச் சங்கம் நடத்துகிறது. பால் இல்லாத காபியை இங்கே இன்ஃப்யூஷன் என்கிறார்கள். நம் டிகிரி காபியை மனதில் வைத்துக்கொண்டு குடித்தால் ஏமாற்றம்தான், இடத்துக்காகக் குடிக்க வேண்டும். பக்கத்து மேசையில் கல்லூரிப் பிள்ளைகள் ஒரே காபியை வைத்துக்கொண்டு ஏதோ அரசியலில் உரக்க மோதிக்கொண்டிருந்தார்கள். மகள் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடத்தில் அவளும் எங்கேயோ ஒரு கல்லூரியில் இப்படி உட்கார்ந்திருப்பாள்.

மாலை வெளிச்சம் போவதற்குள், மண் சிலை செய்பவர்களின் பகுதியான குமார்துலி. ஜனவரியில் சரஸ்வதி பூஜை வருகிறது, சந்து முழுக்க சரஸ்வதிகள். மூங்கில், வைக்கோல், மேலே ஆற்று மண் பூச்சு. முகமே இல்லாத உருவங்கள் வெயிலில் காய்கின்றன. ஒரு பெரியவர் விரல் ஒன்றை ஈர மண்ணில் உருட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். யாரும் பேசவில்லை, அவரும் நிமிரவில்லை.

டிசம்பர் 28: ஆலமரம்

என் நாள். ஆற்றுக்கு அக்கரையில் ஷிப்பூர், 1787-இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா. அந்த ஆலமரத்துக்கு 250 வயதுக்கு மேல். பூஞ்சை தாக்கியதால் 1925-இல் நடுத் தண்டையே வெட்டி எடுத்துவிட்டார்கள்; அப்போதிருந்து விழுதுகளிலேயே நின்று, இன்று நான்கரை ஏக்கருக்கு மேல் பரவியிருக்கிறது. தூரத்திலிருந்து ஒரு காடு, அருகே போனால் ஒரு மரம். நான் சுற்றி நடந்தேன். அவர் புல்லில் படுத்துத் தூங்கிவிட்டார். பிள்ளைகள் ஆளுக்கொரு புத்தகத்தோடு நிழலில் கிடந்தார்கள். நான்கு பேரும் நான்கு வேலை செய்த, எல்லோரும் பக்கத்திலேயே இருந்த மூன்று மணி நேரம். போன முறை என் அட்டவணையில் இதற்கு இடமே இருந்திருக்காது.

மாலை விக்டோரியா நினைவகத்தின் தோட்டம் மட்டும். மக்ரானா பளிங்கு சூரியன் மறையும் நேரத்தில் லேசாக ரோஜா நிறம் கொள்கிறது.

இரவு நொலேன் குர் சேர்த்த சந்தேஷ் என்ற பால் இனிப்பு. நொலேன் குர் என்பது குளிர்காலத்தில் ஈச்ச மரத்திலிருந்து இறக்கும் பதநீரைக் காய்ச்சிய புது வெல்லம். மகன் ஒரு வாய் போட்டுவிட்டு, 'பாட்டி வீட்டுக் கருப்பட்டி வாசனை' என்றான். கிட்டத்தட்ட சரிதான், புகை வாசம் கொஞ்சம் கூடுதல்.

டிசம்பர் 29: கிளம்பும் நாள்

திங்கள்கிழமை. இந்திய அருங்காட்சியகம், விக்டோரியா காட்சிக்கூடங்கள், ஜோராசாங்கோவில் தாகூர் பிறந்த வீடு எல்லாவற்றுக்கும் இன்று விடுமுறை. அதனால்தான் கிளம்பும் நாளை இதில் வைத்தோம். தாகூர் வீட்டைப் பார்க்காமல் திரும்புவதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் இருக்கிற நாளில் அதைத் திணித்திருந்தால் ஆலமர நிழல் போயிருக்கும்.

ரயில் பிற்பகலில். காலை 10 மணிக்குப் பிள்ளைகள் இருவரும் வந்து நின்றார்கள். பாட்டிக்கு நொலேன் குர் வாங்க வேண்டும், மெட்ரோவில் போய்விட்டு வருகிறோம், 11.30-க்குத் திரும்புவோம். எந்த நிலையத்தில் ஏறுவது, எங்கே இறங்குவது என்று நோட்டில் எழுதிக் காட்டினான் மகன். நான் அவரைப் பார்த்தேன். அவர் மகளிடம் நூறு ரூபாய் நோட்டுகள் சிலவற்றைக் கொடுத்து, சில்லறை கேட்டு வாங்கு என்றார்.

பெட்டிகளை இறக்கி விடுதி வாசலில் வைத்துவிட்டு, நான் பக்கத்திலேயே நின்றேன். 11.25-க்கு இருவரும் தெருமுனையில் திரும்பினார்கள். இந்த ஊரில் வெல்லத்தை இப்போது டியூபிலும் அடைத்து விற்கிறார்கள், பற்பசை மாதிரி. ரயிலில் கொட்டாது என்று அதையே தேர்ந்தெடுத்திருந்தார்கள். பாட்டிக்கு இரண்டு. மூன்றாவது எனக்கு.